பச்சை திருப்பி அடிக்கும்

கம்பெனி பஸ் ஆரணியில் நிற்கும்போது அவர் ஏறுவார். எனக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, "மேடம், இந்த வாரம் பச்சைக்குக் கொஞ்சம் பேஜாருதான்" என்பார். நான் "ஆமாம் அண்ணா" என்பேன். எதற்கு ஆமாம் என்று எனக்குத் தெரியாது. பஸ் புதுவாயலில் ஹைவேயைப் பிடிப்பதற்குள் பச்சை அணியில் யாருக்குக் கணுக்கால் பிசகியது, யார் பந்தைக் கைநழுவ விடுகிறான், எதிரணியின் இடது மூலை ஏன் பலவீனம் என்றெல்லாம் சொல்லி முடித்திருப்பார். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பெரியபாளையத்தில் ஏறிய நான் மட்டும் விழித்திருப்பேன். அதுதான் என் தப்பு.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் பெர்சனல் டிபார்ட்மென்ட் கிளார்க். அவர் அங்கே கிரேன் ஓட்டினார். கூரையை ஒட்டித் தொங்கும் சின்ன கேபினில் எட்டு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. சத்தத்துக்காகக் காதில் வைத்த பஞ்சைச் சாப்பிடும்போதுகூட எடுக்க மாட்டார்.

அவர் பேசியது கனடா நாட்டு ஃபுட்பால். நான் முதலில் கால்பந்து என்றுதான் நினைத்தேன். பந்து முட்டை வடிவம், அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் என்றார். "மூணு சான்ஸ் மேடம். அதுக்குள்ள பத்து கஜம் போவணும். போவலன்னா பந்து அவன் கைக்குப் பூடும். அமெரிக்காக்காரனுக்கு நாலு சான்ஸ் கீது. இவங்களுக்கு மூணே மூணு." ஏன் ஒன்று குறைவு என்று கேட்டேன். அது அப்படித்தான் என்றார்.

கேன்டீனில் எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். "யாராச்சும் கனடாவுல கீறாங்களாண்ணா?" யாரும் இல்லை. ஒரே மகள் பொன்னேரியில் காலேஜ் படித்தாள். பந்தயம் கட்டுகிறாரோ என்றால் டீயைத் தவிர எந்தப் பழக்கமும் கிடையாது. நான் கேட்டபோது சொன்னார்: "ஒருநா போன்ல தானா வந்துச்சி மேடம். பார்த்தேன். ஒண்ணும் புரியல. புரியலன்னு மறுபடி பார்த்தேன்."

"அப்புறம் புரிஞ்சுதா?"

"எங்க. அதான் இன்னும் பார்த்துக்கினு கீறேன்."

எந்த விஷயத்துக்கும் அவரால் ஒரு தடவையோடு நிற்க முடியாது. இரும்புக் கட்டைகளை அடுக்கும்போது ஒன்று விரற்கடை சாய்ந்திருந்தாலும் தூக்கி மறுபடி வைப்பார். கீழே ஃபோர்மேன், "யோவ், கோயிலா கட்டற?" என்று கத்துவார். மேலிருந்து ஒரு விரல் மட்டும் வெளியே நீளும். இன்னொரு தபா.

ஒருமுறை அவருடைய லீவ் லெட்டரில் தேதி இல்லையென்று திருப்பிக் கொடுத்தேன். பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அதே நேரத்துக்கு அதே லெட்டரோடு வந்து நின்றார். அப்போதும் தேதி இல்லை.

"நேத்து நீங்க திருப்பிக் குடுத்தப்ப நான் ஒண்ணும் பேசாம பூட்டேன் மேடம். அது தப்பு. மாமியாருக்கு ஆபரேஷன். டாக்டர் இன்னும் நாள் சொல்லல. அதான் தேதி போடல."

இதை நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "நேத்து எனக்குப் பேச வரல" என்றார். பஸ் டிரைவரோடு திங்கட்கிழமை வாக்குவாதம் வந்தால் அதைச் செவ்வாய்க்கிழமை நிதானமாக மறுபடி ஆரம்பிப்பார். டிரைவர் அதற்குள் மறந்துபோயிருப்பார். அதனாலேயே அவரோடு யாரும் சண்டைக்குப் போவதில்லை. எனக்கும் அவரிடம் பிரியத்தோடு கூடவே சிறு பயம் இருந்தது. நாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் எதுவும் அவருக்கு முடிந்திருக்காது.

கனடாவில் தொழிலாளர் தினம் செப்டம்பரில் வருமாம். அந்த விடுமுறையை ஒட்டி வருஷா வருஷம் பச்சையும் நீலமும் பச்சையின் ஊரில் மோதும். அடுத்த வாரமே அதே இரண்டு அணிகள் நீலத்தின் ஊரில் மறுபடி மோதும். அவருக்கு வருஷமே அந்த ஒரு வாரம்தான்.

"மொத மேட்ச்ச உட்டுட்டு ரெண்டாவது மேல ஏன் அண்ணா இவ்ளோ ஆசை?"

"மொதல்ல தோத்தவன் ஒரு வாரம் தூங்க மாட்டான் மேடம். எங்க தப்பு பண்ணோம்னு ரோசன பண்ணிக்கினே கெடப்பான். அவன் மறுபடி அதே ஆளு முன்னாடி வந்து நிக்கறான் பாருங்க, அத பார்க்கணும்."

அந்த வருஷம் பச்சை தன் சொந்த ஊரிலேயே தோற்றது. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வழி முழுக்க அவர் மறுமோதலைப் பற்றியே பேசினார். எனக்கு அன்று தலைவலி. அவர் வாயை எப்படியாவது அடைக்க வேண்டும் என்று, "இதையெல்லாம் எழுதி கேன்டீன் போர்டுல ஒட்டுங்களேன் அண்ணா, எல்லாரும் படிக்கட்டும்" என்றேன். அவர் யோசித்தார். "ஒட்டலாமா மேடம்?" என்றார். ஒட்டலாம் என்றேன்.

மதியம் போர்டில் ஒரு தாள் இருந்தது. பழைய லாக் ஷீட்டின் பின்பக்கம், பெரிய பெரிய எழுத்தில்:

"வரும் ஞாயிறு மறுமோதல். போன வாரம் பச்சை தோற்றது உண்மை. முன்வரிசை பயந்து பின்வாங்கியதுதான் காரணம். இந்த முறை முன்வரிசை ஐந்து பேரும் ஓர் அடி நகரக் கூடாது. நீலத்தின் தலைவனை ஓட விடாமல் மூலையில் அடைக்க வேண்டும். மூன்று வாய்ப்புதான். பயப்படாமல் நின்றால் பச்சை திருப்பி அடிக்கும்."

எங்கள் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு நீலச் சட்டை. கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பச்சைச் சட்டை. அதற்கு முந்தைய வாரம்தான் உலை வாயில் வேலை செய்த கான்ட்ராக்ட் பையன் ஒருவன் வெக்கையில் மயங்கி விழுந்திருந்தான். உலை வாயில் மணிக்கு ஒருமுறை ஆள் மாற்ற வேண்டும் என்று ஐந்து பேர் வந்து கேட்டார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. கேட்ட ஐந்து பேரும் பச்சைச் சட்டை.

இதையும் போர்டில் இருந்த தாளையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியதா என்பது இன்றுவரை தெரியாது.

வியாழக்கிழமை விசாரணை. மேஜைக்கு அந்தப் பக்கம் எங்கள் மேனேஜர், புரொடக்‌ஷன் மேனேஜர், செக்யூரிட்டி ஆபீசர். இந்தப் பக்கம் அவர். ஓரத்தில் குறிப்பெடுக்க நான்.

"பச்சைன்னா யாரு?" என்று மேனேஜர் கேட்டார்.

"டீம் சார். கனடா டீம்."

"முன்வரிசை அஞ்சு பேரு?"

"பந்து வச்சிக்கினு கீறவனுக்கு முன்னாடி நிக்கறவங்க சார். அஞ்சு பேரு நிப்பாங்க."

"நீலத்தின் தலைவனை மூலையில அடைக்கணும். அது யாரு, நானா?"

"இல்ல சார். அவன் க்வார்ட்டர்பேக்கு. பந்த எடுத்து எறியறவன்."

செக்யூரிட்டி ஆபீசர் சிரித்துவிட்டார். புரொடக்‌ஷன் மேனேஜர் சிரிக்கவில்லை. "அப்படி ஒரு ஆட்டம் இருக்கலாம். ஆனா இத்தனை நாள் ஒட்டாத ஆளு இந்த வாரம் ஏன் ஒட்டணும்?" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒட்டச் சொன்னது நான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீங்க அதே பஸ்லதானே வர்றீங்க. இதைப் பத்தி இவர் முன்னாடி பேசிக் கேட்டிருக்கீங்களா?"

"ஏதோ பேசுவார் சார். எனக்குப் புரியாது."

அது பொய்யில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சொன்ன கையோடு குனிந்து, அந்தப் பதிலையும் குறிப்பில் எழுதிக்கொண்டேன். மேனேஜர் தலையாட்டினார். முடிவாகும்வரை சஸ்பென்ஷன் என்றார். இந்தப் பக்கம் இருந்த அவர் எழுந்து நின்று, லீவ் லெட்டரோடு என் முன்னால் நின்ற அதே குரலில் கேட்டார்.

"அடுத்த வாரம் இன்னொரு தபா உக்காரலாமா சார்? இன்னிக்கி நான் சரியா பேசல."

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. அப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

சனிக்கிழமை காலை உலை வாயில் நின்ற கான்ட்ராக்ட் ஆட்கள் கையுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் கிடையாது. சும்மா உட்கார்ந்தார்கள். முன்னால் அந்த ஐந்து பேர். "எந்திரிங்கடா" என்று ஃபோர்மேன் கத்தியபோது அதில் ஒருவன், "முன்வரிசை நகரக் கூடாதுண்ணா" என்றானாம். அரை ஷிஃப்ட் நின்றுபோனது. அப்புறம் எழுந்து வேலை பார்த்தார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் மேனேஜர் அறைவரை வந்துவிட்டது.

"இவங்களா உட்கார மாட்டாங்க. யாரோ கிளப்பிவிட்டிருக்கான்" என்று மேனேஜர் ஃபோனில் பேசியதை நான் கேட்டேன். "அந்த ஆள் யாருன்னு உறுதியாயிட்டா மத்தவங்களை எச்சரிச்சு விட்டுடலாம். இல்லன்னா அஞ்சு பேரையும் நிறுத்தித்தான் ஆகணும்."

அவருக்கு வேலை போகப் போகிறது என்று மட்டும்தான் எனக்கு அதில் புரிந்தது. அன்று மாலை ஆரணியில் இறங்கி அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் இல்லை. அவர் மனைவி வாசலில் துவைத்த நீலச் சட்டையை உதறிக்கொண்டிருந்தார்.

"பசங்க ஊட்டுக்குப் போய்க்கீறாரும்மா. ரெண்டு நாளா அங்கதான் சுத்திக்கினு கீறாரு. உக்காருங்க, டீ போடறேன்."

என்ன பசங்க என்று நான் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அந்தம்மா சிரித்தார்.

"அது இன்னாமோ ஆட்டம். எனக்கு இவரத்தான் தெரியும். மொத தபா பொண்ணு பாக்க வந்தப்ப எங்க நைனா முடியாதுன்னுட்டாரு. பையன் வாயே தொறக்கலன்னு. மறுவாரம் அதே கெழம, அதே சட்ட, தனியா வந்து நிக்கறாரு. இன்னாத்துக்குப்பா மறுபடி வந்தேன்னு நைனா கேட்டாரு. 'போன வாரம் நான் சரியா பேசல'ன்றாரு."

"அப்புறம் பேசினாரா?"

"எங்க பேசனாரு. அன்னிக்கும் கம்முனுதான் உக்காந்துனு இருந்தாரு. எங்க நைனாவுக்கே பாவமாப் பூடுச்சி."

அவர் மகளிடம் கேட்டு, அந்த ஆட்டத்தை எங்கே பார்ப்பது என்று என் ஃபோனில் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, சமையல் மேடையில் ஃபோனைச் சாய்த்து வைத்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். இரண்டு இட்லித் தட்டு குழைந்துபோனது. நிறைய பேர் ஓடினார்கள், விழுந்தார்கள், நின்று பேசினார்கள். பாதி புரியவில்லை. ஆனால் பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் ஐந்து பேர் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர்தான்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் எழுதினேன். மாதக்கணக்காக அவர் பஸ்ஸில் இந்த ஆட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார், போர்டில் ஒட்டச் சொன்னது நான், ஒட்டியதில் உள்ள ஒவ்வொரு வரியும் அந்த ஆட்டத்தைப் பற்றியது, நானே பார்த்தேன். கையெழுத்துப் போட்டு, செவ்வாய்க்கிழமை விசாரணை தொடங்கும் முன் மேனேஜர் மேஜையில் வைத்தேன். என் வேலைக்கே ஆபத்து வரலாம் என்று தெரிந்திருந்தது. பரவாயில்லை என்று இருந்தது. அப்படி ஒரு தைரியம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அவர் உள்ளே வந்தார். உட்காரச் சொன்னதும் உட்காராமல் சொன்னார்.

"போன வாரம் ஒண்ணு கேட்டீங்க சார். அது ஆட்டம்னு சொன்னேன். அது சரியில்ல. அந்தப் பசங்கள உக்காரச் சொல்லி எழுதனது நான்தான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்னேன், உக்காந்தாங்க."

அறையே கொஞ்சம் தளர்ந்ததுபோல இருந்தது. மேனேஜர் மூச்சு விட்டார். மேனேஜர் எதிர்பார்த்த பதில் அதுதான். பிறகு என் தாளை எடுத்தார்.

"அப்ப இது என்ன? இவங்க வேற எழுதிக் குடுத்திருக்காங்களே."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மனமுடைந்த பார்வை என்று நினைத்தேன். ஐந்து நாள் வேலையில்லாமல் இருந்து வெறுத்துப்போய் இல்லாததை ஒப்புக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

"அதுல எழுதியிருக்கறது எல்லாம் உண்மை சார்" என்றேன். "நான் சொல்லித்தான் ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டத்தை முழுசாப் பார்த்தேன். முன்வரிசைன்னா அஞ்சு பேர் நிக்கறாங்க. இவர் எழுதினது அதைத்தான்."

"மேடம்" என்றார் அவர் மெதுவாக. "உங்களுக்குப் புரியாதுன்னு போன வாரம் சொன்னீங்களே."

"இப்ப புரியுது அண்ணா" என்றேன்.

அதை நான் பெருமையாகச் சொன்னேன். இன்றைக்கும் சோறு வடிக்கும்போதோ சீப்பை எடுக்கும்போதோ அந்தக் குரல் என் காதில் விழும். அப்படியே நின்றுவிடுவேன்.

மேனேஜர் தாளை இரண்டு முறை படித்தார். எச்சரிக்கையோடு அவரை வேலைக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவானது. எனக்கும் ஒரு எச்சரிக்கை. வெளியே வந்து அவரிடம் ஏதாவது சொல்லலாம் என்று போனேன். அவர் படிக்கட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை கேட்டில் அந்த ஐந்து பேர் நின்றார்கள். செக்யூரிட்டியிடம் இருந்த லிஸ்ட்டில் அவர்கள் பெயர் இல்லை. கான்ட்ராக்டருக்கு முந்தைய நாளே ஃபோன் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் அதில் ஒருவன் கிட்டே வந்தான்.

"இன்னா மேடம் ஆச்சி? அண்ணன் தான் ஏத்துக்கறேன்னாரே. எங்க எல்லார் ஊட்டுக்கும் வந்து சொல்லிட்டுப் போனாரே, உங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பசங்க வீடு என்று அந்தம்மா சொன்னது எது, அவர் ஏன் அப்படிப் பார்த்தார், 'இல்லன்னா அஞ்சு பேரையும்' என்று மேனேஜர் ஃபோனில் சொன்னதற்கு என்ன அர்த்தம், எல்லாம் கேட் வாசலில் ஒன்றாக வந்து நின்றது. போன வாரம் உண்மையைச் சொல்லியிருந்தால் அது அவரைக் காப்பாற்றியிருக்கும். இந்த வாரம் சொல்லாமல் இருந்திருந்தால் அது அவர்களைக் காப்பாற்றியிருக்கும். நான் இரண்டையும் இடம் மாற்றிச் செய்திருந்தேன்.

இதில் இன்னும் ஒன்று எனக்குக் குழப்பம். இரண்டாவது விசாரணையில் அவர் சொன்னது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பையன்கள் அந்தத் தாளைப் படித்தார்கள். நகரக் கூடாது என்று அதில் இருந்தது. அவர்கள் நகரவில்லை. முப்பதடி உயரத்திலிருந்து தினமும் உலை வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். பையன் மயங்கி விழுந்ததை முதலில் பார்த்து ஹார்ன் அடித்தவரும் அவர்தான் என்று பிற்பாடு ஃபோர்மேன் சொன்னார். அந்தத் தாளை எழுதும்போது அவர் மனதில் இருந்தது கனடாவா, உலையா?

பஸ்ஸில் அதே சீட்டில்தான் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார். பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. நாஷ்டா பொட்டலத்தைப் பிரித்தால் எனக்கும் ஒரு இட்லியை நீட்டுவார். நானும் வாங்கிக்கொள்வேன். பச்சை என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. அடுத்த மாதம் உலை வாயில் மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றத் தொடங்கினார்கள். அதை யாரும் அறிவிக்கவில்லை. அந்த ஐந்து பேரைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு மதியம் என் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். ராஜினாமா. இந்த முறை தேதி போட்டிருந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். சோழவரம் பக்கம் ஒரு யார்டில் கிரேன் வேலை இருக்கிறது, அந்தப் பையன்களில் மூன்று பேரையும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், மற்ற இரண்டு பேருக்கும் பேசிப் பார்க்க வேண்டும் என்றார். முத்திரை குத்தி ஒரு காப்பியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நின்றார்.

"அந்த ஞாயித்துக்கெழம நீங்க மேட்ச் பார்த்தேன்னு சொன்னீங்களே மேடம். யாரு ஜெயிச்சது?"

"நீங்க பாக்கலையா அண்ணா?"

"அன்னிக்கு எங்க. காலைலயே பசங்க ஊட்டுக்குப் பூட்டேன். அப்புறம் பார்க்கத் தோணல."

வருஷம் பூராவும் அந்த ஒரு ஆட்டத்துக்காகக் காத்திருந்தவர்.

"பச்சைதான் ஜெயிச்சுது" என்றேன். "கடைசி வரைக்கும் சமமா இருந்துச்சு. முடியறப்ப பச்சைக்காரன் ஒருத்தன் பந்தை உதைச்சான். ரெண்டு கம்பத்துக்கு நடுவுல போகணும் போல. போகல. தள்ளிப் போயிடுச்சு. தோத்துட்டாங்கன்னு நினைச்சேன். ஆனா அதுக்கும் ஒரு புள்ளி குடுத்தாங்க. அந்த ஒண்ணுலதான் ஜெயிச்சாங்க."

அவர் கண் கொஞ்சம் விரிந்தது. "தள்ளிப் போன பந்து கடேசி கோட்டுக்கும் அந்தாண்ட பூட்டா ஒரு புள்ளி குடுப்பாங்க மேடம்."

"தப்பாப் போனதுக்கு எதுக்கு அண்ணா புள்ளி?"

யோசித்தார். காதிலிருந்த பஞ்சை எடுத்து, உருட்டி, மறுபடி வைத்துக்கொண்டார்.

"அது எனக்கும் தெரியல மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே அந்தப் பையன்களில் இருவர் பைக்கோடு காத்திருந்தார்கள். அவர் போய் நின்று ஏதோ சொன்னார். கையைத் தூக்கி, ஒரு பந்து மேலே எழும்பி, வளைந்து, ஒரு பக்கமாக விலகிப் போவதைக் காட்டினார். ஒருவன் நம்பாமல் தலையை ஆட்டினான். அவர் மறுபடி காட்டினார். மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு நடுவில் அவரை உட்கார வைத்துக்கொண்டு பைக் ஹைவே பக்கம் திரும்பியது.